துப்பாக்கிக்கு ஏற்ற மருந்து

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தார் கிறிஸ்துமஸ் பண்டிகை கழிந்தபின் கடுங்குளிரில் நடத்தும் மான் வேட்டைப் பருவத்தில், நம் ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்த, குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியையே, அதிலும் சக்கிமுக்கிக் கல்லினால் தீப்பொறி எழுப்பும் பழைய வகையையே, உபயோகிக்க வேண்டும் என்பது 1974 முதல் நிலைத்துவரும் பொது விதியாகும். சரமாரியாகக் குண்டு பொழியும் நவீன ஆயுதங்கள் மலிந்த ஒரு தேசத்தில், முன்னோர் கையாண்ட கருவியை விரும்பிக் கையிலெடுத்து, கெட்டித்த ஒரே குண்டை நம்பிக் காட்டில் பொறுமையோடு காத்திருப்பதை ஒரு சம்பிரதாயமாகப் போற்றுகிறவர்கள் இன்னும் இருப்பது மதிக்கத்தக்க விஷயம். ஆனால் துப்பாக்கியின் பழமையைக் காத்த அத்தேசத்தார், அதற்குள் இடும் மருந்தின் விஷயத்தில் அதே சிரத்தையைக் காட்டவில்லை. எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து என்பதைத் துப்பாக்கியின் அமைப்பே தீர்மானிக்க வேண்டியிருக்க, கடைக்காரரின் சௌகரியமும் கிடங்குச் சட்டமும் தீர்மானித்துவருகின்றன.

சக்கிமுக்கித் துப்பாக்கியின் விசையை இழுத்ததும், கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தி முன்னே பாய்ந்து எஃகுத் தகட்டை உரச, அதிலிருந்து சீவப்பட்ட நுண்துகள்கள் பொறிகளாகி, குழலின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் தூவியிருக்கும் ரஞ்சகத்தின் மீது விழுகின்றன. ரஞ்சகம் பற்றி எழுந்த ஜுவாலை ஒரு சிறு துவாரத்தின் வழியே உட்புகுந்து, உள்ளே கெட்டித்திருக்கும் பிரதான மருந்தைக் கொளுத்துகிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தாக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் குறிபார்த்த கை அசைந்துவிடும், மானும் நகர்ந்துவிடும். இவ்வளவு மெல்லிய நெருப்புக்கு உடனே இணங்கக்கூடியது, வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய கருமருந்து ஒன்றுதான். மருந்து தாழ்ந்த உஷ்ணத்திலேயே பற்றிக்கொள்ளும்படி செய்வது அதிலுள்ள கந்தகம்.

1970களின் நடுவில் டான் பாலக் என்பவர் கண்டுபிடித்து, ஹாட்ஜ்டன் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த பைரோடெக்ஸ் என்னும் மாற்று மருந்து, கருமருந்தைக்காட்டிலும் அதிக உஷ்ணத்தில்தான் பற்றும். அதன் அனுகூலமும் பிரதிகூலமும் அந்த ஒரே குணத்தில் அடங்கியிருக்கின்றன. எளிதில் பற்றாததனால் சட்டம் அதனிடம் தாட்சண்யம் காட்டி, சாதாரணக் கடையின் அலமாரியிலேயே வைத்து விற்க இடங்கொடுக்கிறது. கருமருந்தை விற்பவரோ வெடிபொருள் உரிமமும் அதற்கென்று தனிக் கிடங்கும் வைத்துக்கொள்ளும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறார். ஆகவே பல ஊர்களில் கடைக்குச் செல்லும் வேட்டைக்காரருக்குக் கிடைப்பது மாற்று மருந்து மட்டுமே. கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கியில் அது நன்றாகவே வேலை செய்யும், எடையால் அளக்காமல் பழைய மருந்தின் அளவுக் குழாயால், அதாவது கொள்ளளவால், அளந்து இடுவதாயின். குழலுக்கு நேர்பின்னே வலுவான நெருப்பு கிளம்பும் நவீன அமைப்புகளுக்கு, கந்தகமே இல்லாத டிரிபிள் செவன் பொருத்தமானது. அதன் வேகம் அதிகமாதலால் வழக்கமான அளவில் சுமார் 15 சதவிகிதம் குறைத்து இட வேண்டும். பிளாக்ஹார்ன் 209 என்பதும் அத்தகைய துப்பாக்கிக்கே உரியது. இவற்றை நான் குறை கூறவில்லை. சக்கிமுக்கித் துப்பாக்கிக்குள் இவற்றை இடும்படி விடுவதைத்தான் குறை கூறுகிறேன். அங்கே கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து, உள்ளே மருந்து பற்றாமலோ தாமதித்துப் பற்றியோ போகும். மாற்று மருந்து சாதுவானது என்ற எண்ணமும் தவறு. பைரோடெக்ஸைக் கண்டுபிடித்த பாலக்கே, 1977இல் வாஷிங்டன் மாநிலத்து இசாக்வாவிலிருந்த தமது ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் உயிரிழந்தார்.

இனி உண்மையான கருமருந்துக்குள்ளேயே உள்ள தாரதம்மியத்தைச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் ரசாயன அறிஞர் லவாஸியேயின் மேற்பார்வையில் மருந்துத் தொழில் பயின்ற டூபாண்ட், 1802இல் டெலவேர் மாநிலத்தின் பிராண்டிவைன் ஓடைக்கரையில் ஓர் ஆலையை நிறுவினார். அந்தக் கம்பெனியின் கருமருந்துத் தொழில் 1970களின் தொடக்கத்தில் கைமாறி, கோயெக்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் டூபாண்ட் குடும்பத்தார் ஒருவர் அமெரிக்க அரசாங்கத்துக்காக லண்டன் சென்று வாங்கிய வெடியுப்பு, நம் தேசத்து மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோயெக்ஸுக்குப் போட்டியாக நிற்பது, ஸ்விட்சர்லாந்தில் ஓபோன் என்னுமிடத்தில் தயாராகும் மருந்து. ஒரு குறிப்பிட்ட புதர்மரத்தின் கரியைக் கொண்டு மிக்க கவனத்தோடு செய்யப்படும் இது, அதே அளவுக்குக் குண்டை அதிக வேகத்தில் செலுத்துவதோடு, குழலில் தங்கும் கசண்டும் இறுகாமல் மிருதுவாக இருக்கும். விலை அதிகம். கோயெக்ஸில் கசண்டு கூடுதலாகப் படியும். பந்தயத்தில் அடுத்தடுத்துச் சுடுகிறவர் ஸ்விஸ் மருந்துக்குப் பணம் செலவிடுவது நியாயம். நாளெல்லாம் காத்திருந்து ஒரே ஒரு முறை சுடும் வேட்டைக்காரருக்கு கோயெக்ஸே போதும் என்பது என் அபிப்பிராயம். பொட்டலத்தின்மீது எஃப் என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ, அத்தனைக்கு மணி பொடியாகும்: குழலின் துவாரம் அரை அங்குலமும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டு எஃப், அதற்குக் குறைந்தால் மூன்று எஃப், ரஞ்சகத்துக்கு மட்டும் நான்கு எஃப் என்பது அனுபவஸ்தர்களின் வழக்கம்.

கருமருந்தின்மேல் சாட்டப்படும் பெரிய குற்றம், அது துப்பாக்கியைத் துருப்பிடிக்கச் செய்கிறது என்பது. எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சி, புகையாகவும் கசண்டாகவும் ஆவதும், அக்கசண்டு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்பதும் உண்மைதான். அதற்கு வெந்நீரும் சோப்பும், பிறகு ஈரம்போகத் துடைத்து எண்ணெயிடுவதுமே பரிகாரம். சுட்ட அன்றே செய்துவிட்டால் குழலுக்குத் தீங்கில்லை. பைரோடெக்ஸ் வாங்கினால் இந்த வேலை மிச்சம் என்று நம்புகிறவர்கள், அது எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்பும் இரும்பை அரிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் அபாயகரமானது, இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைப் பழைய குழலில் இடுவது. அதற்கென்றே செய்யப்படாத குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்து, கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

2021இல் லூயிசியானா மாநிலத்து மிண்டனில் இருந்த கோயெக்ஸ் ஆலையை நிறுத்துவதாக, அப்போது அதன் உரிமையாளராயிருந்த ஹாட்ஜ்டன் கம்பெனியார் அறிவித்தபோது, அமெரிக்காவிலேயே கருமருந்து தயாரிக்க வேறோர் ஆலை இல்லை. மறு ஆண்டு, மாதிரி ராக்கெட்டுகளுக்குப் பெயர்பெற்ற எஸ்டெஸ் நிறுவனத்தார் அதை ஏற்றபடியால் தொழில் பிழைத்தது. பழைய துப்பாக்கிக்காக 50 பவுண்டு வரையில் கருமருந்தை உரிமமின்றி ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க மத்தியச் சட்டமே அனுமதிக்கையில், அவருக்கு ஒரு பவுண்டு விற்கும் சிறு கடைக்காரரோ ஒரு வியாபாரியின் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரு பொறியில் பற்றும் பொருளைக் கண்டிப்பான காவலில் வைப்பது அவசியமே; ஆயினும் குறைந்த அளவு மட்டும் வைத்து விற்கும் கடைகளுக்கு, பூட்டும் இரும்புப் பெட்டியும் பரிசோதனையும் கொண்ட ஓர் எளிய உரிமத்தை ஏற்படுத்துவது சாத்தியமே. சக்கிமுக்கிப் பருவத்தைத் தங்கள் பெருமையாகக் கருதும் பென்சில்வேனியா வேட்டைக்காரர்கள், அத்தகைய உரிமத்துக்குச் சட்டம் செய்யும்படி வாஷிங்டனிலுள்ள தங்கள் பிரதிநிதிகளை வற்புறுத்த வேண்டும். அது நிறைவேறும் வரையில், கருமருந்தைத் துணிந்து விற்கும் கடைகளைத் தேடிச்சென்று வாங்க வேண்டும்.