அட்டை கொடுத்தாயிற்று, மருந்து எங்கே?

அரிவாள் செல் ரத்தசோகையை 2047-க்குள் ஒழிப்போம் என்று 2023-ல் மத்திய அரசு ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. நாற்பது வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை, கையில் ஓர் அட்டை. நல்ல காரியம்தான். ஆனால் 'ஒழிப்போம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. இது என்ன மலேரியாவா, மருந்தடித்து ஒழிக்க? தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு வருகிற நோய். கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொள்ள அட்டை உதவும். ஏற்கெனவே பிறந்து, கை கால் எலும்புக்குள் வலி எடுத்து ராத்திரியெல்லாம் அழுகிற பிள்ளைக்கு அது என்ன செய்யும்?

நான் நீலகிரியில் மருந்தாளுநராக இருந்தவன். இந்தியாவில் இந்த அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல், இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான். குளிர் இந்த வலியைக் கிளப்பும். எங்கள் ஊரில் குளிருக்கா பஞ்சம்? வலியோடு வந்த ஒரு பையனைப் பார்த்து, "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டேன். நானும் வாயைத் திறக்காமல் பாராசிட்டமால் நாலு மடித்துக் கொடுத்து அனுப்பினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மருந்து இருக்கிறது. புதிதல்ல, நம் நாட்டிலேயே தயாராவது. தினமும் சாப்பிட்டால், சிசுவாக இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபின் மறுபடி கூடும். வலி வருவது குறையும். ஆனால் வழக்கமாகக் கிடைப்பது 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல். 10 கிலோ குழந்தைக்கு 100, 200 போதும். கேப்ஸ்யூலைப் பிரித்து அந்தப் பொடியைக் கண்ணளவில் பங்கு போடு என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடிய மருந்து, வெறுங்கையால் தொடக்கூடாதது. பிள்ளைகளுக்கான அளவில் அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும், அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற வசதியோடு. மாவட்டத் தலைநகருக்கு வா என்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். மூன்றாம் மாதம் வரமாட்டார்கள். அதற்கு "விழிப்புணர்வு இல்லை" என்று அவர்கள் மேலேயே பழி!

ஐந்து வயது வரை தினமும் பென்சிலின் கொடுக்க வேண்டும்; அது உயிர்கொல்லி நிமோகாக்கஸ் கிருமித் தொற்றைப் பெருமளவு தடுக்கும் என்று 1986-லேயே நிரூபித்துவிட்டார்கள். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தாயே தொட்டுப் பார்க்கலாம். வீங்கி, பிள்ளை வெளுத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகாது.

எத்தனை அட்டை கொடுத்தீர்கள் என்பது இருக்கட்டும். போன மாதம் எத்தனை பிள்ளைகளுக்கு முப்பது நாளும் மருந்து கிடைத்தது? அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.