போடிமெட்டு தாண்டினால் சட்டம் மாறுமா?

சிலமலையில் ஒரு சிறுவனைக் கடத்தி, போடிமெட்டு வழியாகக் கொண்டுபோய் இடுக்கி ஏலத்தோட்டத்தில் அடைத்துவைத்தால், எந்த மாநிலச் சட்டம் செல்லும்? இரு பக்கமும் ஒன்றேதான்: பாரதிய நியாய சன்ஹிதா. கடத்திய ஊரிலும் விசாரிக்கலாம், அடைத்த ஊரிலும் விசாரிக்கலாம். 'எங்க லிமிட் இல்லை' என்று எந்த ஸ்டேஷனும் கைவிரிக்க முடியாது. ஜீரோ எஃப்ஐஆர் போட்டே ஆகணும்.

தண்டனையை மாற்றுவது நோக்கம். வெறும் கடத்தலுக்கு 7 ஆண்டு வரை (பிரிவு 137). பணம் கேட்டு மிரட்டினால் ஆயுள் அல்லது தூக்கு (பிரிவு 140). ஆனால் பணம் கேட்டதை மட்டும் காட்டினால் போதாது, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற மிரட்டலும் நிரூபணமாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2021-ல், பழைய 364ஏ பிரிவு வழக்கில். தெலங்கானா ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் ஆயுள் தண்டனை அப்படித்தான் 7 ஆண்டானது.

எனவே மிரட்டல் அழைப்பின் ஒவ்வொரு வார்த்தையும் முதல் புகாரிலேயே ஏற வேண்டும். 'அதான் பையன் கிடைச்சிட்டான்ல' என்று போலீஸ் அதை எழுதாமல் விட்டால், வழக்கு அங்கேயே பாதி தோற்றுவிடுகிறது.