கதவு 3-ஐத் திறந்தா ரோபோ 4 நின்னுச்சு

ரொம்ப நாளா கடைப் பக்கம் வரலை மக்களே. ஆணி அதிகம். சும்மா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து புடுங்கற ஆணி இல்லை, ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆலைக்குள்ள நின்னு புடுங்கற ஆணி. இந்தப் பதிவுல சினிமா இல்லை, கவிதை இல்லை. கொஞ்சம் டெக்னிக்கல் புலம்பல்தான். ஆனா முழுசா படிச்சிடுங்க, ப்ளீஸ்.

நம்ம வீட்டு சுவிட்ச் போர்டைப் பாருங்க. எட்டு சுவிட்ச் இருக்கும். ஃபேன் எது, லைட் எதுன்னு வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். விருந்தாளி வந்தா நாலு சுவிட்சைத் தட்டிப் பாத்துட்டு அஞ்சாவதுல கண்டுபிடிப்பார். தப்பான சுவிட்சைத் தட்டினா டியூப்லைட் எரியும், எல்லாரும் சிரிப்போம், அவ்வளவுதான். இதே குழப்பம் ஒரு ஆலையில நடந்தா கை போகும். சில சமயம் ஆளே போவார்.

ஆலையில ரோபோ, பிரஸ் மாதிரி மெஷினுக்கெல்லாம் சேஃப்டி கன்ட்ரோலர்னு தனியா ஒண்ணு இருக்கும். கதவு திறந்திருக்கா, எமர்ஜென்சி பட்டனை யாராவது அமுக்கினாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்து, சந்தேகம் வந்தா மெஷினை நிறுத்தறதுதான் அதோட ஒரே வேலை. கதவு சுவிட்ச்ல இருந்து வர்ற ஒயர் ஒரு டெர்மினல்ல முடியும். அந்த டெர்மினலுக்கு ப்ரோக்ராம்ல ஒரு வேரியபிள் பேரைக் கட்டி விடணும். இதைத்தான் எல்லாரும் கிளார்க் வேலைன்னு நினைக்கறாங்க. டீம்ல யார் புதுசோ, அவங்க தலையில எக்செல் ஷீட்டைக் கட்டிடறாங்க. எனக்கும் அப்படித்தான் கட்டினாங்க.

மூணு வருஷம் முன்னாடி, ஒரகடம் பக்கம் ஒரு ஆலை. ஒரே மாதிரி நாலு ரோபோ செல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதவு. நான் ஒரு செல்லுக்குப் பேர் வச்சு, மத்த மூணுக்கும் காப்பி பேஸ்ட் பண்ணி, நம்பரை மட்டும் மாத்தினேன். டிராயிங் நடுவுல ஒரு தடவை மாறியிருந்தது. மூணாவது கதவும் நாலாவது கதவும் டெர்மினல்ல இடம் மாறியிருந்தது. என் கையில இருந்தது பழைய டிராயிங். ஆபீஸ்ல சிமுலேஷன்ல ஓட்டினேன், எல்லாம் பச்சை. ஆலையில கதவெல்லாம் மூடி ஓட்டினேன், அங்கயும் பச்சை. முடிஞ்சதுடா சாமின்னு லேப்டாப்பை மூடப் போனேன்.

அங்க ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். "தம்பி, நீங்க ஸ்கிரீன்ல பாத்துட்டீங்க. நான் ஒவ்வொரு கதவா தொறந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்"னார். எனக்கு உள்ளுக்குள்ள கடுப்பு. ஊருக்குப் போற பஸ் வேற போயிடும். அவர் மூணாவது கதவைத் திறந்தார். நாலாவது ரோபோ நின்னுச்சு. மூணாவது ரோபோ அது பாட்டுக்கு வெல்டிங் பண்ணிக்கிட்டே இருந்தது, கதவு பப்பரப்பேன்னு திறந்து கிடக்கு. அவர் உள்ள காலை வைக்கலை. ஒரு நிமிஷம் என்னைப் பாத்தார். ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

இதுல என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் என்னன்னா, அந்தக் கன்ட்ரோலர் ஒரு தப்பும் பண்ணலை. ஒவ்வொரு கதவுக்கும் ரெண்டு ஒயர், ரெண்டு சேனல். ரெண்டும் வேற வேற மாதிரி சொன்னா அது கண்டுபிடிச்சு நிறுத்திடும். ஒயர் அறுந்தாலும் நிறுத்திடும். ஆனா நான் மாத்தினது முழு ஜோடியை. ரெண்டு சேனலும் ஒத்துமையா பொய் சொல்லுது, அது என்ன பண்ணும் பாவம்? ப்ரோக்ராமுக்கு ஒரு செக்சம் போடும், அதுவும் சரியா இருந்தது. செக்சம் சொல்றது 'நேத்து இருந்த அதே ப்ரோக்ராம்'னு மட்டும்தான். நேத்தே தப்பா இருந்தா இன்னைக்கும் அதே தப்புன்னு உத்தரவாதம் குடுக்கும்.

சேல்ஸ் ஆளுங்க 'எஸ்ஐஎல் 3' சர்டிஃபிகேட்டைக் காட்டுவாங்க. தொடர்ந்து ஓடற மெஷின்ல அதுக்கு அர்த்தம், ஆபத்தான பழுது வர்ற வாய்ப்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடியில ஒண்ணுக்கும் கீழேன்னு. அது உண்மைதான். ஆனா அந்தக் கணக்கு தானா கெட்டுப் போற பொருளைப் பத்தினது. மனுஷன் பண்ற தப்பு அந்த எண்ணுக்குள்ள வராது. ஐஇசி 61508-லயே இது ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு, ரெண்டாவதுக்கு ஒழுங்கான வேலை முறையும் சரிபார்ப்பும்தான் வழின்னு வச்சிருக்காங்க. ஒரு கோடியில ஒண்ணுன்னு பெருமைப்பட்ட மெஷினை ஒரு காப்பி பேஸ்ட் காலி பண்ணிடுச்சு.

இது இன்னைக்கு வந்த வியாதியும் இல்லை. 1979 மார்ச் 28, அமெரிக்காவுல பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். விடிகாலை 4 மணி வாக்குல அழுத்தம் ஏறி ஒரு வால்வு திறந்தது. மூடியிருக்கணும், மூடலை, சிக்கிக்கிச்சு. ஆனா கன்ட்ரோல் ரூம்ல அதுக்கான லைட் அணைஞ்சுடுச்சு. ஏன்னா அந்த லைட் காட்டினது வால்வோட நிலைமையை இல்லை, வால்வுக்குப் போற கரண்ட்டை. 'மூடு'ன்னு சொன்னதை 'மூடிடுச்சு'ன்னு நம்பிட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல தண்ணி வெளிய போய்க்கிட்டே இருந்தது. ரியாக்டர் மையத்துல பாதி உருகிப் போச்சு. காரணம் இது ஒண்ணு மட்டும் இல்லைதான். ஆனா ஒரு சிக்னலுக்குத் தப்பான அர்த்தம் குடுத்தா எங்க கொண்டு போய் விடும்னு இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியலை.

இப்பவும் 'மோட்டார்_ஆஃப்'னு பேர் வச்சிருப்பாங்க. போய்ப் பாத்தா அது நாம அனுப்பின கட்டளை. காண்டாக்டர் உள்ள ஒட்டிக்கிட்டா கட்டளை ஆஃப், மோட்டார் ஆன்! காண்டாக்டரோட துணை காண்டாக்ட்ல இருந்து திரும்பி வர்ற சிக்னலுக்குத் தனிப் பேர் வச்சு, அதைப் பாத்துட்டுத்தான் அடுத்த ஸ்டார்ட்டை அனுமதிக்கணும்.

இன்னொண்ணு, 'எமர்ஜென்சி'ன்னு மொட்டையா ஒரு பேர். அது 1-னா என்ன அர்த்தம்? பட்டனை அமுக்கியாச்சுன்னா, அமுக்கலைன்னா? இந்த பட்டன்ல ஒயர் அறுந்தாலும் மெஷின் நிக்கணும்னுதான், அமுக்காதப்போ கரண்ட் ஓடற மாதிரி ஒயர் பண்ணுவாங்க. அப்போ 1-னா 'எல்லாம் நலம்'. பேரை மட்டும் பாத்து அடுத்த ஆள் ஒரு நாட் போட்டுட்டார்னா, தலைகீழா ஆயிடும். 'எமர்ஜென்சி_அமுக்கலை'ன்னு வச்சா ஸ்டைலா இல்லைதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்ல வந்து பாக்கறவருக்குப் புரியும்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது பாஸ்? டிராயிங் சாஃப்ட்வேர்ல இருந்தே பேர் எல்லாம் தானா வந்துடுமே"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். வரட்டும், நல்லதுதான். டைப்பிங் தப்பு குறையும். ஆனா டிராயிங்கே பழசா இருந்தா, அந்தத் தப்பு இன்னும் வேகமா வரும். ஆலையில ஒயர் எங்க போய் முடியுதுன்னு எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. கதவைத் திறந்து பாத்தவருக்குத்தான் தெரியும்.

அதனால என் கட்சி இதுதான். பேர் கட்டற வேலையைப் புதுசா வந்த ஒருத்தர் தலையில மட்டும் கட்டாதீங்க. ஒருத்தர் கட்டணும், இன்னொருத்தர் கடைசி டிராயிங்கை வச்சு சரி பாக்கணும். டெர்மினல் அட்ரஸ் ப்ரோக்ராம்ல ஒரே இடத்துல மட்டும் இருக்கணும், பத்து இடத்துல சிதறக் கூடாது. கடைசியா, ஒவ்வொரு கதவையும் கையால திறக்கணும், ஒவ்வொரு பட்டனையும் கையால அமுக்கணும். நிக்க வேண்டியது நின்னுச்சான்னு மட்டும் பாத்தா பத்தாது, மத்தது நிக்காம இருக்கான்னும் பாக்கணும். அந்த நாலு கதவுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. என் பஸ் போயிடுச்சு. பரவாயில்லை.

அதுக்கப்புறம் எந்த ஆலைக்குப் போனாலும் நான் லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி தேடறது அங்க இருக்கற எலக்ட்ரீஷியனைத்தான். "அண்ணே, கூட வாங்க, கதவைத் தொறந்து பாத்துடுவோம்."

டிஸ்கி: பேங்க், இன்சூரன்ஸ்னு பொட்டி தட்டற மக்களும் இதை உங்களுக்கு இல்லைன்னு நினைச்சிடாதீங்க. 'ஃப்ளாக்1', 'டெம்ப்2'ன்னு பேர் வச்ச பாவம் நம்ம எல்லார் கணக்குலயும் இருக்கு. உங்க கதையைப் பின்னூட்டத்துல கொட்டுங்க :-)