ஸ்டோரில் தும்முகிறவர்களையும் கணக்கில் எடுங்கள்

ஊவா மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,



எங்கள் மடுல்சீமைத் தோட்டங்களில் மூக்கடைப்பை யாரும் ஒரு வருத்தமாக நினைப்பதில்லை. குளிர் ஊர், சளி இருக்கத்தானே செய்யும் என்பார்கள். விடிந்ததும் விடாத தும்மல், குனிந்தால் நெற்றியில் குத்து, கறி கருகினாலும் மணம் தெரியாத மூக்கு. பீனிசம் என்று சொல்லி ஆவி பிடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இத்தகைய அடைப்பும் வலியும் 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட சைனஸ் நோயாகக் கருதவேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்ற கணக்கு. எங்கள் லய வீடுகளில் அதை வருடக் கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலிக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். காய்ந்த கொழுந்தின் மெல்லிய மயிர் தூளோடு சேர்ந்து பறந்து, புருவத்திலும் முந்தானையிலும் படியும். இந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது என்பது நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட விஷயம். வைத்தியர் சி. ஜி. உரகொட தேயிலைத் தொழிலாளரின் ஆஸ்துமா பற்றி 1970இலும், அவர்களுடைய சுவாச நோய்கள் பற்றி 1980இலும் பிரித்தானிய மருத்துவ இதழ்களில் எழுதினார். தேயிலைத் தூசியில் வேலைசெய்யும் ஸ்டோர்த் தொழிலாளரின் மூச்சளவைச் சோதித்து ஜயவர்தனவும் உடுபிஹில்லவும் 1997இல் எழுதினார்கள். அதற்கெல்லாம் முன்பே, கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்டெலானி தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கு வரும் இருமலைக் குறித்துவைத்தார். ருசி பார்க்கும் துரைமாரின் இருமல் முதலில் ஏட்டில் ஏறியதில் ஆச்சரியம் என்ன!

இந்த ஆய்வுகள் நெஞ்சைப் பற்றியவை. ஆனால் மூக்கும் நெஞ்சும் ஒரே மூச்சுப் பாதை என்பதை உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து கூடிய நிபுணர்கள் 1999இலேயே வலியுறுத்திவிட்டார்கள். தொழிலிடத் தூசியால் ஆஸ்துமா வருகிறவர்களில் பலருக்கு, அதற்கு முன்பே தும்மலும் மூக்கொழுக்கும் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து ஆளை வேறு வேலைக்கு மாற்றினால் நெஞ்சு தப்பலாம். அதற்கு முதலில் மூக்கைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

இங்கே நடப்பது என்ன? தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை கிடைக்கும். தின்றால் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தோடு ரோலர் பக்கம் நிற்கவேண்டும். ஒவ்வாமை மூக்குக்கு முதன்மை மருந்தாகிய ஸ்டீரொய்டு ஸ்ப்ரேயைப் பெரும்பாலோர் கண்ணாலும் கண்டதில்லை. காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்கப் பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கவேண்டும். அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். பஸ் காசு வேறு.

பழியெல்லாம் ஸ்டோர் தூசிமேல்தான் என்று நான் சொல்லவில்லை. லயத்து அடுப்பின் விறகுப் புகை உண்டு. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், கம்பளி காயாது, அதில் தூசிச் சிற்றுண்ணி பெருகும். எதனால் யாருக்கு எவ்வளவு என்று பிரித்தறியத்தான் ஆய்வு வேண்டும். மலைக்குக் காய்ந்த கச்சான் காற்று வரும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவம் இதற்கு ஏற்றது. ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவதும் ஏலத்தில் விலை கூடுவதும் அப்போதுதான். அந்த வாசம் சலிக்கிறவரின் மூக்குக்கு எட்டுகிறதா என்றும் கேளுங்கள்.

மடுல்சீமை, பசறைத் தோட்டங்களில் ஸ்டோரில் நிற்பவர்களையும், கொழுந்தெடுப்பவர்களையும், லயத்துப் பிள்ளைகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். தோல் ஊசிப் பரிசோதனை, மூக்கு எண்டொஸ்கோப்பி, மூச்சளவு மூன்றையும் ஒரே நாளில், தோட்டத்திலேயே, பேர் வெட்டாமல் செய்ய ஏற்பாடு வேண்டும். ஸ்டோர்களில் தூசி உறிஞ்சும் விசிறி ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு தொழில் திணைக்களத்துடையது. தூசியை அகற்றச் சொல்லும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. அந்தத் திணைக்களத்தாரையும் கூட அழைத்து வாருங்கள். முடிவுகளைத் தமிழில் எழுதி, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் எங்கள் முன் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மடுல்சீமைத் தோட்டவாசி ஒருவன்