மெழுகுவத்திக்குள் யாருடைய சாமி?

போன மாதம் ஓர் அம்மா, இழுப்பு என்று தன் பன்னிரண்டு வயதுப் பையனை அழைத்து வந்தார். ‘வீட்டுல புதுசா ஏதாவது புகை உண்டா?’ என்று கேட்டேன். ‘கொசுவத்திகூட கிடையாது டாக்டர். கலிபோர்னியாவுல இருக்கற என் தங்கச்சி ஒரு மெழுகுவத்தி அனுப்பியிருக்கா. சாயங்காலம் அதைத்தான் ஏத்தறோம். மருந்துச் செடியில செஞ்சதாம். கெட்ட சக்தியெல்லாம் ஓடிடும்னு டப்பாவுலயே போட்டிருக்கு’ என்றார்.

மறுநாள் டப்பாவை வாங்கிப் பார்த்தேன். மேலே ஓர் இறகுப் படம், நாலு நிறத்தில் ஒரு சக்கரம், ‘ஒயிட் சேஜ்’ என்று பெயர். கையால் செய்ததாம். உள்ளே இருப்பது என்ன தெரியுமா? சோயா மெழுகு, வாசனை எண்ணெய். அந்தச் செடியின் ஓர் இலைகூட இல்லை!

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

வெண் சேஜ், தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும் வளரும் புதர்ச் செடி. நம் துளசியின் குடும்பம்தான். நடு அமெரிக்கச் சமவெளி மக்கள் ‘சேஜ்’ என்று புகை போடுவது பெரும்பாலும் வேறு செடி. அது நம் மரிக்கொழுந்துக்குச் சொந்தம். ஸ்வீட் கிராஸ் என்ற வாசனைப் புல்லை மூன்று புரியாகப் பின்னி வைப்பார்கள். இவற்றோடு சிடார், புகையிலை இரண்டையும் சேர்த்து, அனிஷினாபே முதலிய ஆதிகுடிகள் நான்கு புனித மருந்துகள் என்கிறார்கள். (‘செவ்விந்தியர்’ என்று நாம் சின்ன வயதில் படித்தோமே, அவர்கள்தான். அந்தப் பெயரை இனி விட்டுவிடுவோம்.) அந்த நாலு நிறச் சக்கரமும் வெறும் கோலம் அல்ல. திசை, பருவம், மனுஷ வயது எல்லாம் அதில் அடக்கம். இனத்துக்கு இனம் பொருள் மாறும்.

இந்த மக்களின் சடங்கு ஆட்டங்களையும், ‘மருத்துவ மனிதர்’ எனப்பட்ட அவர்கள் வைத்தியர்களின் வழக்கங்களையும் 1883-ல் அமெரிக்க அரசு குற்றம் என்று விதி போட்டது. மீறினால் ரேஷன் நிறுத்தம், சிறை. கனடாவில் 1884-ல் வந்த சடங்குத் தடை 1951 வரை நீடித்தது. அமெரிக்காவில் அவர்கள் மத உரிமைக்கென்று தனிச் சட்டம் 1978-ல்தான் வந்தது. ஒரு வைத்தியனாக இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாத்தா செய்தால் ஜெயில்; அதே புகையின் பெயரை யாரோ டப்பாவில் ஒட்டினால் வியாபாரமா?

நாமும் இந்த வலியை அறியாதவர்கள் அல்ல. புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்களே! நம் விஞ்ஞானக் கழகம் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அன்றைக்குக் கொதித்த நாம், இன்றைக்கு இந்த டப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

‘நிஜச் செடியே போட்டா சரியா டாக்டர்?’ என்பீர்கள். அதிலும் சங்கடம் உண்டு. வெண் சேஜுக்கு கிராக்கி ஏறி, காட்டில் திருட்டுத்தனமாக அறுக்கிறார்கள். 2018-ல் கலிபோர்னியாவின் ஒரு பாதுகாப்பு வனத்தில் சுமார் 180 கிலோவோடு நாலு பேர் பிடிபட்டார்கள்.

ஆசைப்பட்டு வாங்குவதானால், செய்தவர் யார், எந்த இனத்தவர் என்று கேளுங்கள். ஆதிகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது, அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் ‘அவர்கள் பாணியில்’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்ள இடமிருக்கிறது. அதனால் அந்த வார்த்தையைப் பார்த்தாலே உஷாராகிவிடுங்கள். வாசனை மட்டும் போதும் என்றால், இறகும் சக்கரமும் இல்லாத சாதா மெழுகுவத்தியே போதுமே.

எதை ஏற்றினாலும் புகை புகைதான். சோயா மெழுகும், ஏன், நம் சாம்பிராணியும் நுண்ணிய கரித்துகளைக் கிளப்பும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்குங்கள். ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பையனுக்கு, நுரையீரல் டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். மெழுகுவத்தியை நிறுத்திய பிறகு ராத்திரி இருமல் குறைந்திருக்கிறதாம். அதுதான் முழுக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். அதே வாரம் பக்கத்து வீட்டில் சுவர் இடிப்பதும் முடிந்திருந்தது. ‘தங்கச்சிகிட்ட என்ன சொல்றது டாக்டர்?’ என்றார் அந்த அம்மா. ‘டப்பாவுல போட்டிருக்கற சக்கரம் யாரோடதுன்னு அங்கேயே விசாரிக்கச் சொல்லுங்க’ என்றேன்.