ஆடுற வண்டியும் மாத்திப் பாக்குற மகராசன்களும்

பழைய கார் வெச்சிருக்கிற யாரும் ரெண்டு வசனத்துல இருந்து தப்பிக்கவே முடியாது. ஒண்ணு, "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்". ரெண்டு, "எதுக்கும் இதை மாத்திப் பாத்துரலாமுங்களா?". முதலாவது சோம்பேறித்தனம். ரெண்டாவது, அடுத்தவன் காசுல ஆடுற சூதாட்டம். சேலம், நாமக்கல் பக்கம் மிச்சம் மீதி இருக்கிற ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளைக் காயலான் கடைக்கு அனுப்புறது துரு இல்லை, இந்த ரெண்டு வசனமும்தான். சண்டைக்கு வர்றவங்க முழுசாப் படிச்சிட்டு வாங்க :-)

ஹெரால்டை 'டாக்டர் வண்டி'ன்னு இளக்காரமா நினைக்க வேண்டாம். 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த சேஸிஸைச் சுருக்கி, அவரே வடிவம் குடுத்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்தான் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர். நம்மூர் ஹெரால்டு 1961-லிருந்து வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியில் தயாரானது. பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். டிஃபரன்ஷியல் சேஸிஸோட போல்ட் போட்டு நிக்கும். பிரொப்பல்லர் ஷாஃப்டில் ரெண்டு, சக்கரத்துக்குப் போற ஷாஃப்டுகளில் ஆளுக்கு ஒண்ணு, ஆக மொத்தம் நாலு ஜாயிண்ட் கிராஸ். ஸ்பிட்ஃபயர்லயும் இதே அமைப்புதான். அந்தக் கம்பெனி 1988-ல் கார் தயாரிப்பையே நிறுத்தியாச்சு. ஆக, கழட்டி எறியற ஒவ்வொரு ஒரிஜினல் பாகமும் போனது போனதுதான்.

நண்பனோட பெரியப்பா ராசிபுரத்தில் ஒரு ஹெரால்டு வெச்சிருக்கார். 70 கிலோமீட்டர் வேகம் தாண்டினா சீட்டுக்கு அடியில கிர்ர்ருனு ஒரு நடுக்கம். நாலு பட்டறை ஏறி இறங்கினார். முதல் பட்டறையில் டயர், அடுத்ததில் வீல் பேலன்ஸ், மூணாவதில் எஞ்சின் மவுண்டிங், நாலாவதில் கிளட்ச் பிளேட்டு. ஓய்வூதியத்தில் பாதி கரைஞ்சது. நடுக்கம் மட்டும் பத்திரமா அப்படியே இருந்தது!

நாலு பேர்ல ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கலை. கேட்டிருக்க வேண்டியது இதுதான்:

1. எங்கே ஆடுது? ஸ்டீயரிங் ஆடினா முதல்ல முன் சக்கரப் பக்கம் பாக்கணும். சீட்டும் தரையும் ஆடினா பின்பக்கம் அல்லது ஷாஃப்ட்.

2. நியூட்ரல்ல என்ன ஆகுது? காலி ரோட்டில், நடுக்கம் வர்ற வேகத்துல நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க (சாவியை மட்டும் அணைச்சுராதீங்க சாமி). நின்னு போனா சந்தேகம் எஞ்சின், கிளட்ச் பக்கம். நிக்கலைன்னா உருளுற சமாச்சாரம். டாப் கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தும், அதனால டாப்லயே ஓட்டிக்கிட்டு எது குற்றவாளின்னு சொல்லவே முடியாது.

3. எவ்வளவு வேகமா ஆடுது? 13 அங்குல சக்கரம், ஒரு சுத்துக்குச் சுமார் 1.8 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 12 சுத்து. பிரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப் போல நாலஞ்சு மடங்கு, அதாவது 50-லிருந்து 60 சுத்து. 12-ன்னா தடதட. 50-ன்னா கிர்ர்ர். காதே சொல்லிடும். சந்தேகம்னா ஃபோன்லயே அதிர்வை அளக்கிற செயலி இருக்கு.

இந்த மூணுக்கும் ஆகுற செலவு அரை லிட்டர் பெட்ரோல்.

கடைசியில நாமக்கல்ல லாரி ஷாஃப்ட் வேலை பாக்குற ஒரு அண்ணன்தான் வண்டியில ஏறினதும் கேட்டார்: "நியூட்ரல்ல போட்டா நிக்குதுங்களா?". நிக்கலை. அடியில படுத்து ஷாஃப்டைக் கையால அசைச்சார். பின்பக்க கிராஸ் கிரீஸ் காஞ்சு, ஊசி பேரிங் துருப்பிடிச்சு ஒரு பக்கம் இறுகிப் போயிருந்தது. கழட்டுறதுக்கு முன்னால பழைய இடத்துக்கே திரும்ப வர்ற மாதிரி ஃப்ளாஞ்சில் அடையாளம் குத்தினார். ஒரு கிராஸ், ஒரு மதியம். வேலை முடிஞ்சது.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு வர்றேன். ஜாயிண்ட் மடங்கிச் சுத்தும்போது ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் ஏறி இறங்கும்னு மெக்கானிக்கல் படிச்ச அத்தனை பேரும் 16 மார்க்குக்கு எழுதியிருக்கோம். எழுதிட்டு பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்துட்டோம். அங்கே ஒரு பக் வந்தா லாக் பாக்காம கோடில் கை வெச்சவனை டீம் லீடர் சும்மா விடுவாரா? மாட்டார். ஆனா கார்னு வந்துட்டா மட்டும் "மாத்திப் பாருங்க"ன்னு தலையாட்டிட்டு வர்றோம்.

பட்டறைக்காரங்களை மட்டும் திட்டுறதும் நியாயம் இல்லை. டயர் மாத்தினா பில்லு உண்டு. ஒரு மணி நேரம் யோசிச்சதுக்கு? "சும்மா பாத்ததுக்கா இவ்வளவு?"ன்னு முகம் சுளிக்கிறது நாமதானே? பாகத்துக்கு மட்டும் காசு குடுக்கிற ஊர்ல பாகம் மாத்துறவன்தான் பிழைப்பான். டாக்டருக்கு ஃபீஸ் குடுக்கிறோம், மாத்திரைக்குத் தனியா குடுக்கிறோம். மெக்கானிக்குக்கு மட்டும் ஏன் மாத்திரைக்கு மட்டும் காசு?

நடுக்கம் வண்டியோட வயசு இல்லைங்க, வண்டி போடுற கடுதாசி. படிக்காம விட்டா கிராஸ் உடையும். அந்த ஷாஃப்ட் சுத்துறது ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல. அதனால அடுத்த தடவை பட்டறைக்குப் போனா, "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதுக்குத் தனியா தர்றேன்"னு சொல்லுங்க. சொன்னபடி குடுங்க.

டிஸ்கி: நாலு பட்டறையோட பேரையும் கேட்டு யாரும் வராதீங்க. வசனம்தான் எதிரி, ஆளுங்க இல்லை.