போர்மட் அடிக்கிறது வைத்தியமா?

லினக்ஸ் கேர்னலை அப்டேட் பண்ணின கையோட கோப்புகள் திறக்காட்டி, நம்மட கல்முனைக் கடைகள்ல சொல்ற முதல் வைத்தியம்: "போர்மட் அடிப்பம் தம்பி." எங்களுக்கு இதில உடன்பாடே இல்ல. டிஸ்க்லதான் பழுதென்று யார் சொன்ன?

2023 டிசம்பரில், லினக்ஸ் 6.1.64 கேர்னலே எக்ஸ்ட்4 கோப்புகளைப் பழுதாக்கக்கூடும் என்று தெரியவந்தது. டெபியன் தனது 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு, அடுத்த நாளே திருத்திய கேர்னலோடு 12.4ஐ விட்டது. பிழையான கேர்னலை வச்சுக்கொண்டு எத்தனை தரம் போர்மட் அடிச்சாலும், உம்மாட போட்டோக்கள் போனதுதான் மிச்சம்.

காக்கா, முதல்ல லைவ் யூஎஸ்பியில எழுப்புங்க. டிஸ்க்கில எதுவும் எழுதாம, டிடிரெஸ்கியூவால முழுசா ஒரு பிரதி எடுங்க. எஃப்எஸ்சிகேயைப் பிரதியில மட்டும் ஓட்டுங்க. அது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான் பார்க்கும், கோப்புக்குள்ள இருக்கிறதை இல்ல. "கிளீன்" என்று வந்தாலும் ஒவ்வொன்றாத் திறந்து பாருங்க. நேரமெடுக்கும். கூலி கூடக் கேளுங்க, தாறம்.